வாடைக்கால வாடகை

உப்புவெளியில் மார்கழிக்கு அறை பாதி விலை.
அதிலும் பாதி கேட்டேன்.
ஜெசிந்தா அக்கா என்னைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள்,
குடையில் முறிந்து தொங்கும் கம்பியைப் பார்த்தாள்.
"சுடுதண்ணி வராது. சரியெண்டால் இருங்கோ."

முற்றத்தில் கதிரைகள்
ஒன்றின் மடியில் ஒன்றாக ஒன்பது,
நைலோன் கயிற்றால் தூணோடு கட்டிக் கிடந்தன.
புறாத்தீவுக்கு ஓடும் படகு தென்னையடிவரை ஏறியிருந்தது.
அதற்குள் ஒரு நாய் நாலு குட்டி போட்டிருந்தது.
என்ஜினைக் கழற்றித் தோளில் வைத்த இஹ்சான்
போகிற போக்கில் தார்ப்பாயை இழுத்துக் குட்டிகளை மூடினான்.
"சித்திரை மட்டும் இதுதான் அவையின்ர தீவு."

ஏன் வந்தீர் என்று எல்லோரும் கேட்டார்கள்.
பஸ்ஸில் பக்கத்து சீற்றுக்காரர்,
கோணேசர் வாசலில் செருப்புக்குத் துண்டு கொடுப்பவர்,
பார்மசியில் பனடோல் எண்ணித் தந்த பிள்ளை.
லீவு மிஞ்சிப்போச்சு என்றேன்.
பொய்யில்லை. பதினொரு நாள்.
அடுத்த வருசத்துக்குக் கடத்த
எங்கள் கந்தோரில் சட்டமில்லை.

மான் என்றால் ஓடும் என்றுதான் படித்திருந்தேன்.
கோட்டை வாசலில் அவை
மூடிய கடையின் தகரத்துக்குக் கீழே
நனைந்த முதுகோடு
பஸ் பிந்திய சனம் மாதிரி நின்றன.
ஒன்று என் பையை முகர்ந்து
மாலுபாண் இல்லை என்று அறிந்து
முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஊரின் ஒரு தோளில் வாடை
கடலைக் கிழித்து, தைத்து, திரும்பவும் கிழித்தது.
மற்றத் தோளில் துறைமுகம்,
ஆறட்டும் என்று பீரிசில் ஊற்றிய தேத்தண்ணி.
நடுவில் நான்,
எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல்
கச்சான் கொறித்தேன்.
அதுவும் ஈரத்தில் நமத்திருந்தது.

என் அறைச் சுவரில் தோளுயரத்தில் ஒரு கோடு.
வெள்ளையடித்தவர்கள் அதை மட்டும் விட்டிருந்தார்கள்.
நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

இரவு கரண்ட் போனது.
குசினியிலேயே இருந்து சாப்பிட்டோம்,
பாணும் பருப்பும், அவளுக்கென்று வைத்திருந்த சூடைப் பொரியலும்.
அலுமாரிக் கண்ணாடியில் ஒரு தபாலட்டை
ஓரம் சுருண்டு செருகியிருந்தது.
டோர்ச்சைப் பிடித்தேன்:
சாம்பல் கடல், பூட்டிய கடைகள்,
மேசைமேல் கவிழ்த்த கதிரைகள்.
ஒரு மனிசர் இல்லை.

"கியாரா அனுப்பினது. இத்தாலி.
வருசம் தவறாமல் ஆவணியில வருவா.
பின்னால ஏதோ எழுதியிருக்கு, வாசியுங்கோ."
எனக்கு அந்தப் பாஷை தெரியாது.
போனைக் காட்டினால் அது சொல்லும் என்றேன்.
"தெரியும்," என்றாள்.
"வாசிக்கத் தெரிஞ்ச ஆராவது ஒருநாள் வருவினம்."

ஆவணியில் அவள் இங்கே.
அவளுடைய ஊரில் அப்போது
கதிரையெல்லாம் நிமிர்ந்து, இடமில்லாமல் இருக்கும்.
மார்கழியில் அங்கே யார் போவார்கள்?
லீவு மிஞ்சிய ஒருத்தி போவாள்.
முறிந்த குடையோடு படியேறி
பாதியிலும் பாதி கேட்பாள்.
மான்கள் இருக்காது.
வேறேதோ ஒன்று
அவள் பையை முகர்ந்துவிட்டுப் போகும்.

மூன்றாம் நாள் மழை அரை மணித்தியாலம் விட்டது.
அக்கா முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்து
ஒன்பதில் ஒன்றை உருவி
கடலுக்கு நேரே வைத்தாள்.
இருந்தேன்.
கதிரையின் நாலு காலும்
மெல்ல மெல்ல மணலுக்குள் இறங்கின.
கொஞ்ச நேரத்தில் இரண்டாவதையும் இழுத்து வந்து
சேலையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.
இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.
அலைச் சத்தத்தில் கதைத்தாலும் கேட்டிருக்காது.

போகும்போது பில்லைப் பார்த்தேன்.
அறை, பாதியில் பாதி.
சூடைப் பொரியல் இல்லை. கதிரை இல்லை.
ஆனால் கேத்தலில் கொதிக்கவைத்த சுடுதண்ணிக்கு
மூன்று நாளைக்கு நூற்றைம்பது ரூபா.